மண்ணெண்ணெயில் ஓடிய மைனர்

'மொடிபை' எண்டு கேட்டதும் எங்கட வயதுக்காரருக்கு அகலமான ரயரும் உறுமுற சைலன்சரும்தான் ஞாபகம் வரும். இன்னும் வேகமாக ஓடத்தானே காரை மாற்றுவது? யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் காரை மாற்றினது, அது எப்படியாவது ஓடினால் போதும் எண்டதுக்காக.

அப்பப்பாவின் மொறிஸ் மைனர் வீட்டுக்குப் பின்னால் கொட்டிலில் நிற்கிறது. போன வருசம் திருத்துவமெண்டு பொனற்றைத் திறந்தால், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயைச் சுற்றி மெல்லிய செப்புக் குழாய் ஒன்று பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. பார்க்க வந்த கராஜ்காரர், "உதைக் கழட்டி எறியுங்கோ தம்பி, உது ஒறிஜினல் இல்லை" என்றார். எனக்குக் கழற்ற மனம் வரவில்லை. அது ஏன் அங்கே வந்தது எண்டு வயதானவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினேன்.

மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் மினியைத் தந்தவரும் அவர்தான். இலங்கைக்கு மைனரும் ஒஸ்டினும் தாராளமாக வந்தன. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகியது. இருந்த காரையே வைத்துக் காலம் தள்ள வேண்டிய நிலை. எங்கட கராஜ்காரரின் கைத்திறன் போருக்கு முந்தியே இப்படித்தான் வளர்ந்தது. 1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்தும், யாழ்ப்பாணத்து வாடகைக் கார் எண்டால் மைனரும் ஏ40உம்தான்.

1990 ஜூனில் போர் திரும்பவும் மூண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம் கிடைத்தது, அதுவும் நெருப்பு விலைக்கு.

பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயைச் சும்மா ஊற்றினால் ஓடாது. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது, ஆவியாகாவிட்டால் பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு, பற்றரியில் வலு இல்லாவிட்டால் முன்னால் நின்று ஹாண்டில் அடித்து ஸ்ராட் பண்ணுவினம். எஞ்சின் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய். அந்தச் செப்புக் குழாயின் வேலை, காபரேற்றருக்குப் போகும் மண்ணெண்ணெயை வழியிலேயே சூடாக்குவது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு மாறும் பெர்குசன் டிராக்டர்கள் 1940களிலேயே இருந்தன. தோட்டத்து வாட்டர் பம்மும் அப்படித்தான். கார் கராஜுக்கு இந்த அறிவு தோட்டத்திலிருந்துதான் போயிருக்கும் எண்டு நான் நினைக்கிறேன்.

மைனர் இதுக்குத் தோதான வண்டியும்கூட. காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டியபடி இருக்கும், சூடு தானாகவே கிடைக்கும். மண்ணெண்ணெயைக் கூடுதலாக அமுக்கினால் நேரத்துக்கு முந்தி வெடித்து எஞ்சின் 'டக்கு டக்கு' எண்டு அடிக்கும். 1952இல் வந்த 803 சிசி எஞ்சினின் அமுக்க விகிதம் 7.2க்கு 1தான். இப்போதைய கார்களில் பத்துக்கும் மேலே. அவை மண்ணெண்ணெயில் இந்தப் பாட்டைத் தாங்கியிராது.

மைனரும் சும்மா தாங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றித் தேய்த்துத் தேய்த்துப் போட வேண்டும். புதுசு வாங்க எங்கே போறது?

ஊர் முழுக்கக் காரில் திரிந்ததெண்டு நினைக்க வேண்டாம். சனம் சைக்கிளில்தான் திரிந்தது. கார் வெளிக்கிட்டால் ஒன்று பிள்ளைப்பேறு, இல்லாவிட்டால் கலியாணம், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. நடுச்சாமத்தில் யாராவது வந்து படலையில் தட்டினால் அப்பப்பா முதலில் பார்ப்பது அந்தப் பெற்றோல் போத்தலைத்தானாம்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த இரவு. எங்கட மைனரும் சனத்துக்குள் அங்குலம் அங்குலமாகப் போனதாம். அப்படி ஊர்ந்தால் சூடு குறையும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு அது ஆகாது. நின்று விட்டது. போத்தலில் துளியும் இல்லை. உள்ளே அப்பம்மாவையும் தையல் மெசினையும் வைத்து, அப்பாவும் சித்தப்பாவும் விடியும்வரை தள்ளினார்கள்.

அதே 90களில் தென்னிலங்கையில் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாத் நகரில் மைனர்களைத் திருத்தும் நிறுவனம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவரின் முயற்சி அது. ஒரு காரை எறியாமல் ஆயுள் முழுக்கப் பராமரிக்கலாம் என்பது அவருடைய வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அதே தீவின் வடக்கில் அப்பப்பா பழைய பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது பழைய கார்களுக்கு மவுசு, அதுவும் 'ஒறிஜினல்' எண்டால் விலை தனி. அதனால் திருத்தும்போது முதலில் கழன்று பழைய இரும்போடு போவது இந்தச் செப்புக் குழாய்கள்தான். 1948இல் இங்கிலாந்தில் பூட்டினது சரித்திரமாம், 1991இல் எங்கட ஒழுங்கைக்குள் பூட்டினது குப்பையாம்! அதைச் சுற்றிய கைகளின் பெயர்களையும் ஒருத்தரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எங்கட காருக்குச் செய்த மெக்கானிக்கின் பெயரை அப்பாவே மறந்துவிட்டார்.

மைனருக்குப் புதுப் பெற்றோல் குழாய் பூட்டியாயிற்று. செப்புச் சுருளை இரண்டு நுனியும் அடைத்து, இருந்த இடத்திலேயே விட்டிருக்கிறேன். கராஜ்காரர் வரும்போதெல்லாம் அதைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.