இரண்டு மணி நேரத்தில் ஹாவ் பார் வில்லா: புலித் தைலத்தார் கட்டிய பூங்காவின் கதை



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கல்விச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு ஆசிரியர் அறையில் எழும். ஜொகூரில் இருக்கும் நமக்குச் சிங்கப்பூர் கூப்பிடு தொலைவுதான். ஆயினும், இரு நாட்டுக் குடிநுழைவுச் சாவடிகளையும் பேருந்து கடந்து முடிப்பதற்குள் காலைப்பொழுதில் பாதி கரைந்துவிடுகிறது. எந்த இடத்திற்குப் போனாலும் கையில் மிஞ்சுவது இரண்டு மணி நேரம். மிகுந்தால் இரண்டரை மணி நேரம். முதன்முறையாக வரும் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் எதைக் காட்டுவது? பெற்றோர் பலர் செந்தோசாவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோவைச் சொல்வார்கள். அங்கே வரிசையில் நிற்பதற்கே அந்நேரம் போய்விடும். ஆகவே என் தெரிவு பாசிர் பாஞ்சாங் சாலையில் உள்ள ஹாவ் பார் வில்லா. இதுவரை மூன்று முறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறேன்.

"அங்கே என்ன இருக்கிறது? பேய்ச் சிலைகளும் நரகமும்தானே?" என்று ஒவ்வொரு முறையும் ஒரு பெற்றோராவது கேட்கிறார். அக்கேள்விக்கு விடையாகத்தான் இதை எழுதுகிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிலைகள் உள்ள அவ்விடத்தை வரலாறு தெரியாமல் சுற்றினால் வண்ணக் குழப்பம்தான் மிஞ்சும். யார், எதற்காக, எப்போது கட்டினார் என்பதை முன்கூட்டியே அறிந்து சென்றாலோ இரண்டு மணி நேரமே போதுமானது.

கதை தொடங்குவது சிங்கப்பூரில் அன்று, ரங்கூனில். சீனாவின் புக்கியன் மாநிலத்து யோங்டிங் பகுதியைச் சேர்ந்த ஆவ் சூ கின் என்ற ஹக்கா இனத்து மூலிகை மருத்துவர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரங்கூனுக்குக் குடிபெயர்ந்து 'எங் ஆன் தோங்' என்ற மருந்துக்கடையை நிறுவினார். (நம் செட்டியார்கள் பர்மாவில் கடை விரித்திருந்த காலமும் அதுதான்.) அவருக்கு மூன்று ஆண்மக்கள். பெயர்களில் ஒருவர் டிராகன், ஒருவர் புலி, ஒருவர் சிறுத்தை. டிராகன் இளமையிலேயே மறைந்தார். புலியின் பெயர் ஆவ் பூன் ஹாவ். சிறுத்தையின் பெயர் ஆவ் பூன் பார். இவ்விரு பெயர்களின் கடைசிச் சொற்கள் இணைந்ததே 'ஹாவ் பார்'.

1908இல் தந்தை மறைந்தபின் சகோதரர்கள் கடையை ஏற்றனர். தந்தை விட்டுச்சென்ற களிம்பைச் செப்பம் செய்து, அண்ணனின் பெயரிலுள்ள புலியை அதற்குச் சின்னமாக்கினர். கற்பூரம், மெந்தால், கிராம்பெண்ணெய், நாம் 'காயு பூத்தே' என்று மலாயில் அழைக்கும் எண்ணெய் ஆகியவை சேர்ந்ததுதான் அந்தப் புலித் தைலம். நம் பாட்டிமார் தலைவலிக்கும் பூச்சிக்கடிக்கும் தடவிய அதே அறுகோணக் கண்ணாடிச் சிமிழ். பேருந்தில் போகும்போதே இதை ஒரு மாணவரிடம் கொடுத்துச் சுற்றி வரச் செய்வேன். வாசனை பரவியதும் வரலாற்றுப் பாடத்திற்குத் தனி அறிமுகம் தேவைப்படுவதில்லை.

1926 அளவில் பூன் ஹாவ் தொழிலைச் சிங்கப்பூருக்கு மாற்றினார். அவர் மருந்து வணிகர் மட்டுமல்லர். விளம்பரக் கலையில் கைதேர்ந்தவர். முகப்பில் புலித்தலை பொருத்திய மகிழுந்தில் ஊர் சுற்றுவார். 1929இல் 'சின் சியூ ஜிட் போ' என்ற சீன நாளிதழைத் தொடங்கினார். செய்தியோடு சேர்த்துத் தைலத்தின் விளம்பரத்தையும் அது வீடுதோறும் கொண்டுசென்றது. நம் நாட்டில் இன்று வெளிவரும் சின் சியூ நாளிதழின் வேர் அங்குதான் இருக்கிறது.

இந்த மனிதர் தம் தம்பிக்காகப் பாசிர் பாஞ்சாங் குன்றின் சரிவில் கடலைப் பார்த்தபடி மாளிகை ஒன்றைக் கட்டினார். மலாய் அறிந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வூர்ப் பெயரை விளக்க வேண்டியதில்லை: நீண்ட மணல். அன்று கடல் அவ்வளவு அருகில் இருந்தது. பின்னாளில் மண் கொட்டி நிலத்தை மீட்டதால் விலகிப் போயிற்று. மாளிகையை வரைந்தவர் ஹோ குவோங் இயூ என்ற கட்டடக் கலைஞர். 1937இல் மாளிகையும், அதைச் சூழ்ந்த சிலைத் தோட்டமும் திறக்கப்பட்டன. பணக்காரரின் தோட்டத்திற்குள் பொதுமக்கள் காசின்றி நுழையலாம் என்பது அக்காலத்தில் புதுமை. அமெரிக்காவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது 1955இல். அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூரில் மக்கள் குடும்பத்தோடு வந்து உலவ ஒரு கருப்பொருள் பூங்கா இருந்தது என்று நான் சொல்வதுண்டு. சவாரிகள் இல்லாததை ஏன் அப்படி அழைக்க வேண்டும் என்று சிலர் மறுக்கலாம். அந்தப் பூங்காவுக்குக் கருப்பொருள் இருந்தது. அது போதும் எனக்கு.

கருப்பொருள் என்ன? நன்னெறி. எழுத்தறிவு இல்லாத கூலித் தொழிலாளியும் தன் பிள்ளைக்குக் கதை சொல்லும்படி, புராணங்களையும் நீதிக்கதைகளையும் பூன் ஹாவ் சிலைகளாக நிறுத்தினார். கம்பியை வளைத்து, மேலே சிமெண்டைப் பூசி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் தீட்டிய சிலைகள். நம் கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வண்ணம் அந்நியமாகத் தோன்றுவதில்லை. அருவருப்பாக இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே!

பூங்கா திறந்த ஐந்தே ஆண்டுகளில் போர் வந்தது. 1942 பிப்ரவரி 13, 14 ஆகிய நாள்களில் அதே பாசிர் பாஞ்சாங் மேட்டில்தான் மலாய்ப் படைப்பிரிவு சப்பானியரை எதிர்த்து நின்றது; நம் மாணவர்கள் நன்கறிந்த லெப்டினன்ட் அட்னான் சாய்டி வீழ்ந்ததும் அங்கேதான். கடலைப் பார்த்த மாளிகையைச் சப்பானியர் கப்பல்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தினர். மாளிகையை வரைந்த ஹோ குவோங் இயூ, சீனர்களைக் களையெடுத்த 1942ஆம் ஆண்டுப் படுகொலையில் உயிரிழந்தார். யாருக்காக மாளிகை கட்டப்பட்டதோ அந்தத் தம்பி பூன் பார் ரங்கூனில் 1944இல் மறைந்தார். போர் முடிந்து ஆங்காங்கிலிருந்து திரும்பிய அண்ணன், சிதைந்து கிடந்த மாளிகையை இடித்துவிட்டார். ஆனால் சிலைகளைக் கைவிடவில்லை. 1954இல் தாம் இறக்கும்வரை சேர்த்துக்கொண்டே இருந்தார். இன்று அங்குச் செல்பவர் 'வில்லா' எங்கே என்று தேடினால் கிடைக்காது. இதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

பூன் பாரின் மகன் ஆவ் செங் சை பிற்காலத்தில் தாம் சென்றுவந்த நாடுகளின் நினைவாகச் சில பகுதிகளைச் சேர்த்தார். சீனத் தெய்வங்களுக்கிடையே திடீரென்று சூமோ மல்லர்களும் சுதந்திர தேவி சிலையும் நிற்பது அதனால்தான். அவை படம் எடுக்க உகந்தவை. அதற்கு மேல் அங்கே நிற்க வேண்டாம்.

1980களில் பூங்கா அரசின் கைக்கு வந்தது. அடுத்து நடந்தது, இக்காலக் கேளிக்கைப் பூங்காக்களை வியந்து பேசும் நம் பெற்றோர் அறிய வேண்டிய பகுதி. ஏறத்தாழ 80 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவில் படகுச் சவாரி, நாடக அரங்கு என்று புதுப்பித்து, 1990இல் 'டிராகன் உலகம்' என்று அதற்குப் பெயரிட்டனர். நுழைவுக் கட்டணம் 16 வெள்ளி. தொடக்கத்தில் கூட்டம் வந்தது, பிறகு தேய்ந்தது. இலவசமாகப் பார்த்துப் பழகிய மக்கள் குடும்பத்தோடு கட்டணம் செலுத்தி மீண்டும் மீண்டும் வரவில்லை. 2001இல் பழைய பெயரும் இலவச நுழைவும் திரும்பின. சவாரிகள் போயின, சிலைகள் நின்றன. ஆங்காங்கில் 1935இல் பூன் ஹாவ் அமைத்த இதே போன்ற தோட்டமோ 2004இல் இடிக்கப்பட்டது. மாளிகை மட்டுமே அங்கு எஞ்சியது. அங்கு மாளிகை, இங்குச் சிலைகள். இந்த முரண் என்னை எப்போதும் சிந்திக்க வைக்கும்.

இனி, நேரத்தை எப்படிச் செலவிடுவது என்று பார்ப்போம். காலையிலேயே செல்லுங்கள். நிழல் குறைவு, பாதை மேட்டில் ஏறும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். பேருந்தில்லாமல் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு 2011இல் திறக்கப்பட்ட ரயில் நிலையம் வாயிலருகே உள்ளது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் நரகத்திற்கே ஓடப் பார்ப்பார்கள். விடாதீர்கள்! அதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் பார்த்துவிட்டால் மற்றவை எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

நான் முதல் முக்கால் மணி நேரத்தை ஒரே கதைக்கு ஒதுக்குகிறேன்: 'மேற்கு நோக்கிய பயணம்'. குரங்கு, பன்றி உருவினர், ஒரு துறவி ஆகியோர் வரும் சிலைத் தொகுதிகள் அவை. அந்த மேற்கு எது? இந்தியா. அந்தத் துறவி யார்? நம் வரலாற்று நூல்களில் வரும் யுவான் சுவாங்! பௌத்த நூல்களைத் தேடி இந்தியா வந்து, 645இல் 657 நூல்களோடு சீனா திரும்பியவர். ஏறத்தாழ 640இல், பல்லவன் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சிபுரம் வரை வந்தவர். நாளந்தாவில் அவருக்குக் கற்பித்த சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். குரங்கு அனுமனின் வழிவந்தவரா என்பது பற்றிச் சீன அறிஞர்களே கருத்து வேறுபட்டனர். ஹூ ஷி ஆம் என்றார், லூ சுன் உடன்படவில்லை. முடிவைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுகிறேன். அவர்கள் செய்யும் விவாதத்தைக் கேட்பதற்கே போகலாம்.

அடுத்து, பெற்றோரைப் பேணும் அறத்தைக் காட்டும் சிலைகள். பல்லில்லா மாமியாருக்கு மருமகள் தாய்ப்பால் ஊட்டும் சிலை அங்குண்டு. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும், சீனத்தின் இருபத்து நான்கு பெற்றோர் பேணல் கதைகளில் ஒன்று அது என்று விளக்குங்கள். "அந்தக் குழந்தைக்குப் பால் இல்லையா ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். என்னிடம் ஆயத்த விடை இல்லை. சிலையிலும் அக்குழந்தை அருகில்தான் இருக்கிறது என்று காட்டினேன்.

கடைசி அரை மணி நேரம் நரகத்திற்கு. 2021 அக்டோபர் முதல் பத்து நீதிமன்றங்களும் தனி அருங்காட்சியகத்திற்குள் உள்ளன. அதற்கு மட்டும் கட்டணம் உண்டு. சிறிய வகுப்புப் பிள்ளைகளை நான் உள்ளே அழைத்துச் செல்வதில்லை. உடன்வரும் ஆசிரியரோடு வெளியே விட்டுவிடுவேன். உள்ளே தண்டனைகள் கடுமை. தேர்வில் ஏமாற்றியவருக்கும் அங்கே தண்டனை உண்டென்பதைப் பெரிய மாணவர்கள் தவறாமல் கண்டுபிடித்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். ஐந்தாம் மன்றத்தில் நிற்கும் மன்னரின் பெயர் யென்லோ. யமராஜா என்னும் வடசொல் பௌத்தத்தோடு சீனம் சென்று அப்படித் திரிந்தது. "இவர் நம்ம எமன்தானே ஐயா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆம், நம் எமன்தான். முதலில் அவர் முதல் மன்றத்தில் இருந்தாராம். அநியாயமாக இறந்தவர்கள்மேல் இரங்கி அவர்களைத் திருப்பி அனுப்பியதால் ஐந்தாம் மன்றத்திற்கு மாற்றப்பட்டார் என்பது சீனர் கதை. இரக்கப்பட்டதற்காக இடமாற்றம்! ஆசிரியர்களுக்கு இது புரியும்.

வேற்றுச் சமயத்தின் தெய்வங்களை நம் பிள்ளைகள் ஏன் பார்க்க வேண்டும் என்ற தயக்கத்தையும் நான் அறிவேன். பிள்ளைகள் அங்கு வழிபடப் போகவில்லை. வகுப்பில் தனக்குப் பக்கத்தில் அமரும் சீன நண்பனின் வீட்டில் எந்தக் கதைகள் சொல்லப்படுகின்றன என்று அறியப் போகிறார்கள். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் அவர்கள் அந்த நண்பனோடுதான் ஐந்து ஆண்டுகள் அமரப் போகிறார்கள்.

பேருந்தில் திரும்பும்போது ஒரு வினாத்தாள் கொடுப்பேன். மூன்றே வினாக்கள். பூன் ஹாவ் இத்தோட்டத்தைத் தைலம் விற்கக் கட்டினாரா, அறம் கற்பிக்கக் கட்டினாரா? நீ கண்ட சிலைகளுள் எதை இடித்தால் யாரும் வருந்தமாட்டார்கள், ஏன்? நம் கதைகளுள் ஒன்றை அங்கே சிலையாக நிறுத்தச் சொன்னால் எதை நிறுத்துவாய்? குடிநுழைவுச் சாவடியில் பேருந்து நிற்கும் நேரம் இவற்றை எழுதப் போதுமானது. படி தேவைப்படும் ஆசிரியர்கள் எழுதிக் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.