சி.என்.சி ரௌட்டர் வாங்கப் போறீங்களா? தூத்துக்குடி உப்புக்காத்தையும் கணக்குல வைங்க!

தேக்குப் பலகை மேல ஒரு மெஷின் தானா நகர்ந்து மயில் செதுக்குற ரீல்ஸைப் பார்த்துட்டு, 'நம்ம வீட்டு மாடி ரூம்ல ஒண்ணு வச்சா என்ன?'னு யோசிச்சிருப்பீங்க. வைஃபை ரௌட்டர் இல்லைங்க, இது சி.என்.சி ரௌட்டர். ஆசாரி கையில் பிடித்து ஓட்டும் அதே ரௌட்டரை, கம்ப்யூட்டர் முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் என மூன்று திசைகளில் ஓட்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனா, தூத்துக்குடியில் வாங்குறவங்களுக்கு ஒரு கூடுதல் எதிரி உண்டு: துரு.

முதல்ல, என்ன வெட்டப் போறீங்க? பெயர்ப்பலகை, கீ செயின், குட்டிப் படகு மாடல் என்றால் '3018' ரகம் போதும். 30 செ.மீ-க்கு 18 செ.மீ பரப்பில் வேலை செய்யும். விலை, ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் அளவுதான். தேக்கையும் வெட்டும். ஆனா ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல இறக்காதீங்க. ஃப்ரேம் நெளியும், பிட் உடையும்.

பொறுமை இருக்கான்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. 18 செ.மீ சதுரத்தில் ஒரு புடைப்புச் சிற்பம். பிட் 0.3 மி.மீ இடைவெளியில் போனால் 600 வரிகள், மொத்தம் 108 மீட்டர். நிமிஷத்துக்கு 800 மி.மீ வேகத்தில் 2 மணி நேரம் 15 நிமிஷம் ஆகும். இது ஃபினிஷிங்குக்கு மட்டும்! அவ்வளவு நேரமும் பக்கத்துல ஆள் இருக்கணும். மழுங்கின பிட் உரசினா மரத்தூள் தீப்பிடிக்கலாம்.

கதவு, பூஜை ரூம் ஜாலி எல்லாம் வேற லெவல். பால் ஸ்க்ரூ, 1.5 கிலோவாட் ஸ்பிண்டில், எர்த்தோடு தனி 16 ஆம்பியர் பாயின்ட் என்று செலவு இழுத்துக்கிட்டே போகும். முதல் மெஷினாக அதை நான் சொல்ல மாட்டேன். அதைவிட மோசம், பெரிய பரப்பும் ஒல்லியான ஃப்ரேமும் உள்ள மலிவு மெஷின். கடையில் மெஷின் ஆஃப்ல இருக்கும்போது ஸ்பிண்டிலைப் பிடிச்சு பக்கவாட்டில் அசைச்சுப் பாருங்க. கைக்கே ஆடுதுன்னா, மரத்தில் கோடு நேரா வராது.

இப்போ துருவுக்கு வருவோம். உப்பளம் சூழ்ந்த ஊர், கடலிலிருந்து கொண்டல் அடிக்கும். மெஷினில் முதல்ல அடிவாங்குறது ஸ்டீல் பாகங்கள்: வழுக்குத் தண்டு, லீட் ஸ்க்ரூ, லீனியர் ரெயில். துரு பிடிச்சா மோட்டார் திணறி ஸ்டெப் தவறும், டிசைன் பாதியில் நகர்ந்துடும். அலுமினிய ஃப்ரேமில் பிளாஸ்டிக் சக்கரம் ஓடும் ரகத்தில் இந்தத் தலைவலி குறைவு. சக்கரம் தேயும், உறுதியும் கொஞ்சம் கம்மிதான். ஆனா 3018 அளவு வேலைக்கு எனக்கு அது ஓகே. லீனியர் ரெயில்தான் வேணும்னா, வேலை முடிஞ்சதும் தூளைத் துடைச்சு எண்ணெய் தடவுங்க, மூடியும் வைங்க. மொட்டை மாடித் தகர ஷெட் மட்டும் வேண்டவே வேண்டாம். ராத்திரி ஈரம் தகரத்தில் படிஞ்சு மெஷின் மேலேயே சொட்டும். எம்.டி.எஃப் படுகையும் ஈரத்தில் உப்பும். அப்பப்போ மேல்பரப்பைச் சீவி மட்டம் பண்ணிக்கோங்க.

அடுத்து, தூசி. மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே வகைப்படுத்தியிருக்கு. குழந்தைகள் தூங்குற ரூமில் இந்த மெஷின் கூடாது. வேக்குவமும் என்95 மாஸ்க்கும் பட்ஜெட்டிலேயே இருக்கட்டும்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இன்னொரு சபலம் வரும்: சிப்பி. இங்கே கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனாலும் சங்கு, சிப்பி கைவினை இன்னும் இருக்கு. முத்துச்சிப்பி ஓட்டை வெட்டி மரத்தில் பதிச்சா அட்டகாசமா இருக்கும். ஆனா ஓடு மரத்தைவிடக் கடினம், சாதா பிட் சீக்கிரம் மழுங்கிடும். வைரத்தூள் பூசிய பிட் போட்டு, ஓட்டை ஒரு தட்டுத் தண்ணிக்குள்ள வச்சு வெட்டணும். உலர்ந்த தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணி கன்ட்ரோலர் போர்டு பக்கம் போகாம பார்த்துக்கோங்க. பவளப்பாறையும் சில சங்கு வகைகளும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருது. கரையில் கிடைச்சாலும் எடுக்காதீங்க.

சாஃப்ட்வேருக்குப் பயப்பட வேண்டாம். வரைய இங்க்ஸ்கேப், வெட்டும் பாதை போட ஃப்ரீகேட், மெஷினை ஓட்ட கேண்டில். மூணுமே இலவசம். கன்ட்ரோலர் 'ஜி.ஆர்.பி.எல்' வகையான்னு மட்டும் கேட்டு வாங்குங்க.