ஒரு குழாய், உரிமை கோரியவர் இருவர்



'யோசனை என்னுடையது, பெயர் வாங்கியவன் அவன்' என்று குழுப்பணி முடிந்ததும் மாணவர் முறையிடுவதை நாம் கேட்டிருக்கிறோம். இத்தகைய முறையீடு ஒன்று அமெரிக்காவில் 1974இல் வேர்விட்டு 2015இல்தான் ஓய்ந்தது.

1969இல் ராபர்ட் கோர் என்பவர் சூடேற்றிய டெஃப்லான் கோல்களை மெல்ல இழுத்து நீட்ட முயன்றார், அவை முறிந்தன. ஒரு கோலை வெடுக்கென இழுத்தபோது, அது முறியாமல் ஏறத்தாழ 800 விழுக்காடு நீண்டது. அவ்வாறு நீண்ட பொருளை நுண்ணோக்கியில் நோக்கினால் கணுக்களும் அவற்றை இணைக்கும் நுண்ணிழைகளும் தெரியும்.

இதனைச் செயற்கை இரத்தக் குழாயாக்கலாம் என எண்ணியவர், அரிசோனாவிலிருந்த கோர் நிறுவன ஆலையின் பீட்டர் கூப்பர். அவர் அனுப்பிய குழாய்களை 1973இல் நாய்களுக்குப் பொருத்திச் சோதித்தவர் அறுவை மருத்துவர் டேவிட் கோல்ட்ஃபார்ப். குருதி தடையின்றி ஓடுவதற்கு நுண்ணிழையின் நீளமே அடிப்படை என்று அவர் கண்டார். 1974இல் இருவரும் தனித்தனியே காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர்.

அன்றைய அமெரிக்கச் சட்டம், முந்தி விண்ணப்பித்தவரை விட முந்திக் கண்டுபிடித்தவரையே ஏற்றது. எண்ணத்தில் முந்தியவர் கூப்பர், செயலில் நிறுவியவர் கோல்ட்ஃபார்ப் என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. மருத்துவரின் சோதனை தமக்காகவே நடந்தது என்றார் கூப்பர். நுண்ணிழை நீளத்தின் இன்றியமையாமையை அவர் மருத்துவருக்கு உணர்த்தவில்லையாதலால், 2001இல் அவ்வாதம் வீழ்ந்தது.

விண்ணப்பித்து 28 ஆண்டுகள் கழித்து, 2002இல் கோல்ட்ஃபார்ப் காப்புரிமை பெற்றார். அதற்குள் கோர் நிறுவனம் அத்தகைய குழாய்களைப் பல ஆண்டுகளாக விற்று வந்தது. 2003இல் மருத்துவரும் அவரிடம் உரிமம் பெற்ற பார்ட் நிறுவனமும் வழக்குத் தொடுத்தனர். 2007இல் நடுவர் குழு ஏறத்தாழ 18.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. நீதிபதி பின்னர் அதனை இரட்டிப்பாக்கினார். 2015இல் அத்தீர்ப்பு நிலைபெற்றது.

கூப்பரின் குழாய் இல்லையேல் சோதனையே இல்லை என்பதும் உண்மைதான். ஆயினும், பொருளைக் கொடுப்பது வேறு, அது ஏன் பயன்படுகிறது என்று கண்டறிவது வேறு என்று சட்டம் கோடு கிழித்தது. அக்கோடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நாமோ குழுப்பணிக்கு ஒரே மதிப்பெண்ணை வழங்கிவிட்டு, யார் எண்ணினார், யார் செய்தார், யார் காரணம் கண்டார் என்று கேட்பதே இல்லை.

எனவே, மாணவரின் அறிவியல் குறிப்பேட்டில் நாளும், செய்தவர் பெயரும், கண்டதும், அதற்கான காரணமும் தவறாமல் இடம்பெறட்டும். பிள்ளைகளிடையே எழும் பூசலைத் தீர்க்க அந்த நான்கு வரிகள் போதும்.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியர்