ஒற்றை மேற்கோள்குறியின் வரலாறு

1998 டிசம்பர் 25 அன்று வெளிவந்த 'ப்ராக்' மின்னிதழின் 54ஆம் இதழில், 'ரெய்ன் ஃபாரஸ்ட் பப்பி' என்னும் புனைபெயரில் ஜெஃப் ஃபாரிஸ்டால் ஒரு கட்டுரை எழுதினார். இணையதளம் பயனரிடமிருந்து பெறும் சொற்களுக்குள் தரவுத்தளக் கட்டளையையே நுழைத்து அனுப்ப முடியும் என்று அது காட்டியது. எஸ்.க்யூ.எல். உட்செலுத்தல் எனப் பின்னாளில் பெயர்பெற்ற தாக்குதலின் முதல் பொதுப்பதிவாக அதனையே வழக்கமாகச் சுட்டுவர். மைக்ரோசாஃப்ட் இதனை ஒரு சிக்கலாகவே கருதவில்லை என்றும் அவர் அதில் எழுதியிருந்தார்.

தாக்குதலின் அடிப்படை மொழியியல் மாணவர்க்குப் புதிதன்று. ஒரு சொல்லை ஆள்வது வேறு, மேற்கோளாகச் சுட்டுவது வேறு. பிறர் கூற்று முடியுமிடத்தைத் தமிழில் 'என்று' காட்டுவதுபோல, பயனரின் சொல் முடியுமிடத்தை எஸ்.க்யூ.எல்.லில் ஒற்றை மேற்கோள்குறி காட்டுகிறது. பெயர் கேட்கும் கட்டத்தில் ஒருவர் அக்குறியை இட்டு, 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' எனப் பொருள்படும் தொடரைச் சேர்த்தால், கூற்று அங்கேயே முடிந்ததாகத் தரவுத்தளம் கொள்கிறது, எஞ்சியது கட்டளையாகிறது. எப்போதும் மெய்யாகும் அந்நிபந்தனைக்கு அட்டவணையின் எல்லா வரிசைகளும் பொருந்திவிடுகின்றன.

தடுப்பு முறையோ தாக்குதலைவிட ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தது. 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் இம்மொழியைச் 'சீக்வல்' என்ற பெயரில் அறிமுகப்படுத்தினர். அதனைச் செயற்படுத்திய 'சிஸ்டம் ஆர்' திட்டத்திலேயே, கட்டளையை முதலில் பகுத்து ஆயத்தமாக்கி, மதிப்புகளைப் பின்னர் தனியே வழங்கும் வழி இருந்தது. இலக்கணப் பகுப்பு முடிந்தபின் வரும் மதிப்பு எத்தனை மேற்கோள்குறிகளைச் சுமந்து வந்தாலும் தொடரமைப்பை மாற்ற இயலாது. அட்டவணைப் பெயர்களை மட்டும் இவ்வாறு தனியே வழங்க முடியாது; அவற்றை முன்வகுத்த பட்டியலோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

1990களின் இணைய நிரலாளர்களிடம் இம்மரபு முழுமையாகச் சென்று சேரவில்லை. துண்டுகளை ஒட்டி வினவல் ஆக்குவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. பிஎச்பி மொழியின் பழைய மைஎஸ்க்யூஎல் இணைப்பில் ஆயத்த வினவலுக்கு வழியே இல்லை. அதற்கு மாற்றாக அம்மொழி 'மேஜிக் கோட்ஸ்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது: உள்வரும் ஒவ்வொரு மேற்கோள்குறிக்கும் முன்னால் தானாகவே ஒரு பின்சாய்கோடு விழும். ஓ'ரைலி போன்ற ஐரிஷ் பெயர்கள் பல தளங்களில் கோடு விழுந்த நிலையில் அச்சாயின. எண் வரும் இடத்திலோ மேற்கோள்குறியே தேவையில்லை. அங்கே இக்காவல் பயன்படவுமில்லை. நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திட்ட இந்த ஏற்பாடு 2012இல்தான் பிஎச்பி 5.4 பதிப்பில் நீக்கப்பட்டது.

2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் களவாடப்பட்டதும் இதே முறையில்தான். 2009இல் டிஸ்காலியின் பிரிட்டன் பிரிவை வாங்கியபோது உடன்வந்த பழைய பக்கங்களே வாயிலாயின. அதே ஆண்டு ஜூலையிலும் செப்டம்பரிலும் இவ்வகைத் தாக்குதல்கள் நிகழ்ந்திருந்தும் நிறுவனம் விழித்துக்கொள்ளவில்லை என்பது தகவல் ஆணையர் அலுவலகத்தின் விசாரணையில் வெளிப்பட்டது. 2016இல் விதிக்கப்பட்ட அபராதம் 4,00,000 பவுண்டு.