சிங்கப்பூரின் கைதிகளும் குற்றப் பதிவுகளும் (1825–1873)

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூர்த் துறைமுகச் சிறைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் குற்றம் செய்தவர்கள் அல்லர். அவர்கள் சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் தண்டிக்கப்பட்டுக் கடல் கடந்து அனுப்பப்பட்ட இந்தியர்கள். சிங்கப்பூரில் குற்றம் செய்தவர்களில் சிலரோ இந்தியச் சிறைகளில் இருந்தனர். ஆகவே, அக்காலச் சிறைக் கணக்கை அந்நகரின் குற்றங்களின் அளவாகக் கொள்ள முடியாது. அது அரசின் சட்டத்தையும், உழைப்பாளர் தேவையையும், கப்பல் வழிகளையும் சேர்த்துக் காட்டும் கணக்கு ஆகும்.

பின்னணி

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1819-இல் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்தது. அதற்கு முன்பே சுமத்திராவின் பென்கூலனுக்கும் பினாங்குக்கும் இந்தியக் கைதிகள் அனுப்பப்பட்டு வந்தனர். 1824-ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர்களிடம் சென்றபோது, அங்கிருந்த கைதிகள் இடம் மாற்றப்பட்டனர். முதல் தொகுதியினர் 1825 ஏப்ரல் 18 அன்று ஹொரேஷியோ என்ற கப்பலில் சிங்கப்பூர் வந்தனர். சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்ற அந்த 80 பேரில் ஒருவர் பெண். ஒரு வாரத்தில் வங்காளக் கைதிகள் 122 பேர் வந்து சேர்ந்தனர்.

1826-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 1840-களின் நடுவில் சிங்கப்பூரில் சுமார் 1,500 இந்தியக் கைதிகள் இருந்தனர். 1850-களின் இறுதியில் இந்த எண்ணிக்கை 2,000-ஐத் தாண்டியது.

இரு சிறைகள்

நகரில் இரண்டு சிறைகள் இருந்தன. பிராஸ் பாசா பகுதியில் இருந்தது நாடு கடத்தப்பட்டவர்களுக்கான சிறை. அதைக் கைதிகளே கட்டினர். பேர்ல்ஸ் குன்றில் 1847-இல் எழுந்த சிறை உள்ளூர் நீதிமன்றம் தண்டித்தவர்களுக்கானது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் கைதிகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் படிப்பவர், சிங்கப்பூர் குற்றவாளிகள் நிறைந்த நகரம் என்ற தவறான முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார்.

பிராஸ் பாசா சிறையில் கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். புதிதாக வந்தவர் காலில் விலங்குடன் சாலை வேலை செய்தார். நன்னடத்தை காட்டியவர் படிப்படியாக உயர்ந்து சக கைதிகளைக் கண்காணிக்கும் காவலர் ஆனார். முதல் வகுப்பை அடைந்தவர் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியே தங்கிப் பிழைப்பு நடத்தலாம். ஆயினும் அவரும் ஏட்டில் கைதியே. சிறைக் கண்காணிப்பாளராக இருந்த மெக்நாயர் 1899-இல் வெளியிட்ட நூல் இம்முறையைப் பெருமையுடன் விவரிக்கிறது. அது அதிகாரியின் பார்வை. விலங்கு பூட்டப்பட்டவரின் குரலை அதில் தேட முடியாது.

உழைப்புக் கணக்கு

கைதிகள் சதுப்பு நிலங்களை மேடாக்கினர், சாலைகள் போட்டனர், செங்கல் சுட்டனர். 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயமும், 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகையும் (இன்றைய இஸ்தானா) அவர்கள் கட்டியவை. பேராலயத்தின் உட்சுவர்களுக்குச் சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு பூசப்பட்டது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, சிப்பிச் சுண்ணாம்பு, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து செய்த கலவை அது.

கூலி கொடுக்க வேண்டியிராத இந்த உழைப்பு நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டது. கைதிகளின் எண்ணிக்கை உயர்ந்ததற்கு இந்தியாவில் நடந்த குற்றங்கள் மட்டும் காரணம் அல்ல. வளரும் துறைமுகத்தின் தேவையும் ஒரு காரணம்.

குற்றம் என்று பதிவானவை

கைதிகளின் பெயருக்கு எதிரே கொலை, கூட்டுக் கொள்ளை, வழிப்பறி போன்ற குற்றங்கள் எழுதப்பட்டன. நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கமும் இருந்தது. அது 1849-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் எல்லாப் பதிவுகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. 1836-ஆம் ஆண்டின் சட்டப்படி, தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்று நிறுவப்பட்டாலே ஆயுள் தண்டனை விதிக்கலாம். குறிப்பிட்ட ஒரு கொலையை அவர் செய்தார் என்று நிறுவ வேண்டியதில்லை.

குற்றப் பதிவே இல்லாமல் சிறையில் இருந்தவரும் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்த சீக்கியத் துறவி பாய் மகாராஜ் சிங் 1850-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார். வழக்கு விசாரணை இல்லாத அரசியல் கைதியாகவே அடைக்கப்பட்டு, 1856-இல் சிறையிலேயே இறந்தார்.

உள்ளூர்ச் சட்டமும் இப்படித்தான் இயங்கியது. சூதாட்ட விடுதிகளுக்குக் குத்தகை விட்டு அரசு வருவாய் ஈட்டியது. 1829-இல் அக்குத்தகை ஒழிக்கப்பட்டபின் அதே சூதாட்டம் தண்டனைக்குரியதாயிற்று. அபினி விற்பனை குத்தகைதாரருக்கு வணிகம், குத்தகை இல்லாதவருக்குக் குற்றம். மக்களின் நடத்தை மாறாமலே குற்ற எண்ணிக்கை ஏறவும் இறங்கவும் முடியும் என்பதற்கு இவை சான்று.

பெரிய வன்முறை சிறிய பதிவாகவும் முடிந்தது. 1854 மே மாதத்தில் ஹொக்கியன், தியோச்சு சீனர்களிடையே மூண்ட கலவரம் பத்து நாள்களுக்கு மேல் நீடித்தது. சுமார் 400 பேர் இறந்ததாகக் கூறப்படுகிறது. மரண தண்டனை விதிக்கப்பட்டோர் ஆறு பேர். அது நிறைவேற்றப்பட்டது இருவருக்கு மட்டுமே.

எதிர்த்திசைப் பயணம்

சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தண்டனை பெற்ற சீனர்கள் சிலர் பம்பாய், சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரிக்கு வந்தவர்களில் சிலர் விடுதலைக்குப்பின் நடுவட்டம் பகுதியில் தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தனர். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் நூல் இக்குடும்பங்களைக் குறிப்பிடுகிறது. சென்னையில் தண்டனை பெற்றவர் சிங்கப்பூரில் சாலை போட, சிங்கப்பூரில் தண்டனை பெற்றவர் நீலகிரிச் சிறைக்கு வந்தார். பிறந்த ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் பிரிப்பதே தண்டனையின் மையமாக இருந்தது.

முடிவு

1857-ஆம் ஆண்டின் இந்தியக் கிளர்ச்சிக்குப்பின், கைதிகளை இங்கு அனுப்புவதற்குச் சிங்கப்பூரின் ஐரோப்பியர்களிடையே எதிர்ப்பு வலுத்தது. 1858-இல் அந்தமானில் புதிய தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. 1867-இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சிக்கு வந்தன. 1873-இல் எஞ்சிய கைதிகள் அந்தமானுக்கு மாற்றப்பட்டு, பிராஸ் பாசா சிறை கைதிகள் சிறையாக இருப்பது முடிவுற்றது. அனுமதிச் சீட்டுப் பெற்றிருந்த பலர் சிங்கப்பூரிலேயே தங்கி, நகர மக்களோடு கலந்தனர்.

அவ்வாண்டில் சிறைக் கணக்கு பெரிதும் குறைந்தது. சிங்கப்பூரில் குற்றம் குறைந்ததால் அன்று. கணக்கில் இருந்தவர்கள் கப்பல் ஏறியதால். காலனியக் காலப் புள்ளிவிவரங்களைப் படிக்கும் மாணவர்கள், எத்தனை பேர் சிறையில் இருந்தனர் என்பதோடு, எந்தச் சட்டத்தால், எங்கே தண்டிக்கப்பட்டு, எந்த வேலைக்காக அங்கே வைக்கப்பட்டனர் என்பதையும் கேட்க வேண்டும்.