நங்கூரம் பிடிக்காத கடல்

கட்டி வைத்த கலங்களுக்குப் பட்டினப்பாலை இரண்டு உவமைகளைத் தருகிறது. உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகள், கொட்டிலில் கட்டிய குதிரைகளைப்போல் கழிக்கரையில் நிற்கின்றன. துறையில் நிற்கும் நாவாய்களோ, கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளைப்போல் ஆடுகின்றன. மதுரைக்காஞ்சியில் இவ்வுவமை தலைகீழாகிறது. அங்கே சினங்கொண்ட யானைக்கு, கடுங்காற்றில் கயிறறுந்து சுழலிற்பட்ட நாவாய் உவமையாகிறது. கட்டுண்ட களிறு, கட்டறுத்த களிறு என்னும் இவ்விரு நிலைகளுக்கும் இடையில்தான் நங்கூரத்தின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

புகாருக்குக் காவிரி முகத்துவாரம் இருந்தது. சென்னைக்கு அப்பேறு வாய்க்கவில்லை. கூவத்தின் வாயை மணல் அடைத்துக்கொள்ளும்; கரையோரமெங்கும் அலை உடையும். எனவே கும்பினியின் கப்பல்கள் கரைக்கு வாராமல் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் அலை கடத்திக் கரை சேர்த்தன. வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் கப்பல்கள் இக்கரையை விட்டு நீங்குவது அன்றைய வழக்கம்.

அவ்வழக்கம் தவறியபோது நேர்ந்ததை 1746ஆம் ஆண்டு காட்டுகிறது. அவ்வாண்டு செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். அக்டோபரில் ஓரிரவு புயல் எழுந்தது. கோட்டைக்கு எதிரே நின்ற அவர்களுடைய கப்பல்களுள் சில மூழ்கின. மற்றவை பாய்மரம் இழந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பீரங்கிகளால் கோட்டையை வென்றவர்களுக்கு, அதன் எதிரே பாதுகாப்பாக நிற்க ஓரிடம் கிட்டவில்லை.

இதன் காரணம் நங்கூரம் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. நங்கூரம் தன் கனத்தால்தான் கலத்தை நிறுத்துகிறது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அதன் கொக்கி மணலிலோ சேற்றிலோ புதைந்து பிடிப்பதே முதன்மையானது. கயிறு கடலடியை ஒட்டிப் படுத்தவாறு இழுக்கும்வரை கொக்கி மேலும் புதையும். செங்குத்தாக இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆகவே ஐந்து பாக ஆழத்தில் நிற்கும் விசைப்படகு, அமைதியான நாளில் இருபத்தைந்து பாகமும், காற்று மிகுந்தால் முப்பத்தைந்து பாகமும் அதற்கு மேலும் கயிறு விடவேண்டும். நங்கூரத்தை அடுத்து இரும்புச் சங்கிலி கோப்பதும் இழுப்பைத் தாழ்வாக வைக்கவே. முகப்பைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, நங்கூரத்தை வீசியெறியாமல் மெல்ல இறக்கி, எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி அது பிடித்ததா என்று பார்க்கவேண்டும். கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னால் ஒரு புகைபோக்கியையும் ஒரே கோட்டில் வைத்துக் கவனித்தால், படகு நழுவுகிறதா என்பது விளங்கும். பின்புறத்தில் மட்டும் நங்கூரக் கயிற்றைக் கட்டலாகாது. எந்திரக் கனத்தால் தாழ்ந்திருக்கும் அப்பகுதியில் அலை ஏறிவிடும்.

நீண்ட கயிற்றுக்கு அகன்ற இடம் வேண்டும். காற்று திசை மாறினால் படகு நங்கூரத்தைச் சுற்றி வட்டமிடும். அவ்வட்டத்துக்குள் மற்றொரு படகு இருத்தல் கூடாது. சுருங்கச் சொன்னால், நங்கூரம் என்பது இரும்பைப் பற்றிய செய்தி என்பதினும் இடத்தைப் பற்றிய செய்தி எனலாம்.

அந்த இடத்தைக் கல்லால் கட்டியெழுப்பும் முயற்சியே சென்னைத் துறைமுகம். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். பணி முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அலைதடுப்புச் சுவர்களைச் சிதைத்துப் பெரும் பளுதூக்கிகளையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. மீண்டும் கட்டிய பின்னரும் கிழக்கு வாயில் வழியே அலை புகுந்தமையால் உள்ளே நின்ற கப்பல்கள் அமைதியுறவில்லை. 1904இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புதுவாயில் அமைத்த பின்னரே துறைமுகம் அப்பெயருக்கு உரியதாயிற்று.

அதற்குரிய விலையைக் கொடுத்தது வடகரை. வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் கரையை அரித்தது. கட்டுமரக்காரருக்கு நங்கூரம் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. மணற்கரையே அவருடைய நங்கூரம். தொழில் முடிந்ததும் மரத்தை மேலேற்றிவிட்டு வீடு செல்வார். அம்மணல் போய்க் கருங்கற்கள் வந்தன. கரையேற்ற இயலாத விசைப்படகுகளும் பெருகின. இவ்விரண்டும் சேர்ந்து மீனவரைத் தண்ணீரிலேயே படகை விட்டுவைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தன.

நான் வாழும் எம்.கே.பி. நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் உள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகம் 1984இல் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று அங்கே, கட்டும்போது எண்ணியதைவிட மிகுதியான படகுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு வரிசை வரிசையாக நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் நெரிசல் உச்சமடைகிறது. இங்கே நீளக் கயிறு விட வழியில்லை; பழைய டயர்களே படகுக்கும் படகுக்கும் இடையே காவல். 2004 ஆழிப்பேரலையிலும் 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலிலும் அப்படகுகள் ஒன்றையொன்று மோதி உடைந்தன.

திறந்த கடலின் இடரும் நீங்கிவிடவில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நிலம் புயலில், சென்னைக்கு வெளியே நின்ற பிரதிபா காவேரி என்னும் எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டுப் பெசன்ட் நகர்க் கரையருகே தரைதட்டியது. கப்பலைவிட்டு நீங்கிய உயிர்காப்புப் படகு கவிழ்ந்து மாலுமிகள் சிலர் இறந்தனர். வேறு சிலரைக் கரையிலிருந்து விரைந்த மீனவர் காப்பாற்றினர்.

திருவொற்றியூர்க் குப்பத்தில் 2025இல் திறக்கப்பட்ட புதிய மீன்பிடித் துறைமுகம் காசிமேட்டின் நெரிசலைச் சற்றுக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. புயல் எச்சரிக்கை வரும்போதெல்லாம் படகுகளைப் பாதுகாப்பாகக் கட்டுமாறு மீனவருக்கு அறிவுறுத்தப்படுகிறது. கட்டும் முறையை அவர்கள் நன்கறிவர். ஆனால், மணற்கரையை இழந்தவர்களுக்கு அதற்கு ஈடான நீர்ப்பரப்பு கிடைத்ததா? ஒரு களிற்றுக்குரிய தறியில் நான்கைக் கட்டிவிட்டுப் பாகனிடம் கவனம் சொல்வதில் நியாயம் ஏது?