நுவரெலியாவில் யானை ஏர்: சிறு பண்ணையும் உழவு விசைத் தெரிவும்

யானை கட்டிப் போரடித்த பெருமையை மதுரைக்கு ஏற்றிப் பேசும் வழக்கம் தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. ஆனால், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, நுவரெலியாச் சமவெளியில் யானை பூட்டி உழுது தானியம் விதைத்தனர் என்பதை அறிந்தோர் சிலரே. அம்முயற்சியின் வரலாறு வெறும் வேடிக்கைக் கதையன்று. சிறு தானியப் பண்ணை நடத்துவோன் எத்தகைய உழவு விசையைத் தெரிதல் வேண்டும், பழைய உழவு இயந்திரமொன்றை வாங்க நேரின் எவற்றை ஆராய்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர் அங்கிருந்தே தொடங்கலாம்.

பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிப் புகழ் பெற்ற சாமுவேல் பேக்கர், இலங்கையிற் காய்ச்சலுற்று, நுவரெலியாவின் குளிர்ந்த காற்றினால் நலம் பெற்றார். அங்கு ஆங்கில முறையிலே பண்ணையொன்று அமைக்கலாமென்னும் எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது. அரசினரிடம் ஏக்கர் ஒன்றுக்கு 20 சிலிங் வீதம் நிலம் வாங்கினார். 1848 செப்டெம்பரில் இலண்டனிலிருந்து புறப்பட்ட கப்பலொன்றில் பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் முதலிய குடியேறிகளும், உயர்சாதிக் கால்நடைகளும், வித்துக்களும், அக்காலத்தில் மிகச் சிறந்தவையெனக் கருதப்பட்ட உழவுக் கருவிகளும் வந்தன.

கருவிகள் சிறந்தவையே, ஆயின் அவற்றை இழுப்பது யார்? கொண்டுவந்த பெருங் கலப்பை, நாட்டு எருதுகள் இருபதைப் பூட்டினாலும் அசையாது நிற்கத்தக்க பாரமுடையது எனப் பேக்கரே எழுதியுள்ளார். எனவே யானை பூட்டப்பட்டது. அது புல்வேர் பின்னிய தரையை எளிதாகக் கிழித்துச் சென்றது. விதைத்த பின்னர், கனத்த பரம்பு, இலகுவான பரம்பு, உருளை ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைத்து, மூன்று சோடி விலங்குகளின் வேலையை அந்த ஒரே யானை செய்து முடித்தது. விசையை மாத்திரம் அளவுகோலாகக் கொண்டால், இதனினும் சிறந்த தெரிவு இருந்திருக்க முடியாது.

எனினும் பண்ணை செழிக்கவில்லை. ஓட்ஸ் பயிரை மரைகளும் காட்டுப்பன்றிகளும் அழித்தன. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. கால்நடைகள் நோயுற்று மாண்டன. கரிய நிறத்தாற் செழுமையானதெனத் தோன்றிய மண், எருவின்றி விளைவு தராததாயிற்று. றம்பொடைக் கணவாயில் உருண்டு நொறுங்கிய வண்டியை மீட்க அனுப்பப்பட்ட யானையொன்று, குதிரைக்காரனால் மலையேற்றத்தில் விரைந்து செலுத்தப்பட்டமையால் இறந்தது. யானையின் பலத்தை அறிந்திருந்த அவன், அதன் எல்லையை அறிந்திலன். 1855இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். ‘யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?’ என்னும் பழமொழி இவ்விடத்திற் பொருள் நிறைந்ததாகின்றது. விசை எவ்வளவு என்பதோடு, அதற்குத் தீனி எது, அதனைப் பேணுவோர் யார், நிலம் அதனை ஏற்குமா என்பவையும் தெரிவின் பகுதிகளேயாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிலே தேயிலையைப் பயிரிட்டதன் பின்னர், மலைச் சரிவுகள் படிப்படியாகத் தேயிலைக்கே உரியனவாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பச்சைக் கொழுந்து பறித்தனர். அவர்தம் உணவாகிய அரிசியோ வேறிடத்து வயல்களிலிருந்து வந்தது. பிறர் வயலை நம்பி வாழ்தலின் கொடுமை 1973–74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் வெளிப்பட்டது. தோட்டங்களில் மக்கள் பசியால் மடிந்தனர். அக்காலத்தை அடுத்தும், 1977இன் இனக்கலவரத்தின் பின்னரும், பல குடும்பங்கள் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. கொழுந்து பறித்த கைகள் அங்கு நெல் விதைக்க முற்பட்டன. அத்தகைய சிறுகுடியானவனுக்கு உழவு விசை என்பது வசதிப் பொருளன்று. அடுத்த ஆண்டின் உணவையே அது முடிவு செய்வதாகும்.

அவன் கண்ட பழைய இயந்திரங்களின் பிறப்பையும் அறிதல் தகும். அயர்லாந்தவரான ஹரி பேர்குசன், கலப்பையை இயந்திரத்தின் பின்னே மூன்று இணைப்புகளாற் பிணைத்து, நீரியல் விசையால் ஏற்றி இறக்கும் முறையை உருவாக்கினார். முன்னைய இயந்திரங்களில், கலப்பை பாறையில் இடறினால், முன்பக்கம் மேலெழுந்து ஓட்டுநர் மீதே கவிழும் அபாயம் இருந்தது. பேர்குசன் முறை அவ்வபாயத்தைக் குறைத்ததோடு, கலப்பையின் இழுவையைப் பின்சக்கரங்களின் பிடிப்பாகவும் மாற்றியது. ஆகவே பாரம் குறைந்த இயந்திரமும் நன்கு உழுதது. 1946 முதல் 1956 வரை அவருடைய சிறிய சாம்பல் நிற இயந்திரங்கள் 5 இலட்சத்துக்கு மேல் கொவென்றியிற் செய்யப்பட்டன. அதன் வழிவந்த மாசி பேர்குசன் இயந்திரங்கள் இலங்கை வயல்களிலும் பரவின. 1960இல் சென்னையில் நிறுவப்பட்ட டாபே நிறுவனம் அவ்வினத்தை இந்தியாவிலே உற்பத்தி செய்தது. ஓரினம் பலரிடத்தும் பரவியிருத்தலின் பயன் யாதெனில், அதன் உதிரிப்பாகமும் அதனைப் பழுதுபார்க்க அறிந்த கைகளும் அருகிலேயே கிடைத்தலாம்.

சிறு வயலுக்குரிய மற்றொரு வழியைக் காட்டியவர் இலங்கைப் பொறியியலாளர் றே விஜேவர்தன (1924–2010). 1950களில் அவர் வடிவமைத்த இரு சக்கர உழவு இயந்திரம் இங்கிலாந்திலே ‘லான்ட்மாஸ்டர்’ என்னும் பெயரிற் செய்யப்பட்டது. அப்பெயர் இலங்கைத் தமிழர் வாயில் இரு சக்கர இயந்திரம் அனைத்துக்குமே பொதுப்பெயராயிற்று. வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளிற் காணப்படுவன போன்ற ஒடுங்கிய படிவயல்களில் நாற்சக்கர இயந்திரம் திரும்பவும் இடமில்லை. இரு சக்கர இயந்திரமோ வரப்பைக் கடந்து செல்லும். ஆயினும், அதனைப் படைத்த அவரே பிற்காலத்தில், எருமை பாலும் எருவும் கன்றும் தருவதையும், இயந்திரம் எண்ணெயை மாத்திரம் கேட்பதையும் சுட்டிக்காட்டி, இயந்திரமயமாக்கத்தின் இலாபம் உழவனுக்கே சேர்ந்ததா என வினவினார். 2022இல் டீசல் கிடையாது உழவர் வரிசையில் நின்றபோது அவ்வினாவின் கூர்மையைப் பலர் உணர்ந்தனர்.

இவ்வரலாற்றினின்று பழைய இயந்திரம் வாங்குவோன் கொள்ளத்தக்கவை சில உள. முதலாவது, நிலத்தை அளந்த பின்னரே இயந்திரத்தை நோக்குதல் வேண்டும். வயலின் அகலமும், சரிவும், சேற்றின் ஆழமும் குதிரைவலுவினும் முதன்மையானவை. இரண்டாவது, உதிரிப்பாகம் அண்மை நகரிற் கிடைக்குமா என வினவுதல் வேண்டும். எங்கும் காணாத இனமொன்று மலிவாகக் கிடைத்தல் மலிவன்று. மூன்றாவது, குளிர்ந்திருக்கும் எந்திரத்தைத் தன் கண்முன்னே இயக்கச் செய்தல் வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்தல் குறையை மறைப்பதாகலாம். இயங்கி நெடுநேரமாகியும் நீலப்புகை நில்லாதாயின் எண்ணெய் எரிகின்றதெனக் கொள்ளலாம். கலப்பையை உயர்த்தி எந்திரத்தை நிறுத்தியதும் அது விரைவிற் கீழிறங்கினால், நீரியற் பகுதி தேய்ந்துள்ளது. நான்காவது, உயிர்க்காப்பு. கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் சட்டத்தைப் புதிய இயந்திரங்களுக்குச் சுவீடன் 1959இல் கட்டாயமாக்கியது. அதற்கு முந்திய இயந்திரங்கள் பெரும்பாலும் அச்சட்டமின்றியே செய்யப்பட்டன. சரிவு நிலத்தில் அக்குறையுடைய இயந்திரத்தை, விலை குறைவென்று மாத்திரம் கருதி வாங்குதல் தகாது.

உழவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பர். இயந்திரம் வாங்குமிடத்து, கணக்குப் பாராதவனுக்கு உழக்கோடு நிலமும் மிஞ்சாது; கடன் அதனைக் கொண்டு செல்லும். பேக்கருக்குப் பொருளும் துணைவரும் இருந்தமையால், இழப்பைத் தாங்கி வேறு நாடு செல்ல இயன்றது. இரண்டு ஏக்கர் வயலை நம்பியவனுக்கு அத்தகைய இரண்டாம் வாய்ப்பு இல்லை. ஆதலின், அவனுக்கு ஏற்ற இயந்திரம் வலிமையிற் சிறந்ததுமன்று, புதியதுமன்று. அவன் நிலம் தாங்கக்கூடியதும், அவனூர்ப் பட்டறை திருத்தக்கூடியதும், அவன் விளைவே தீனியிடக்கூடியதுமாகிய இயந்திரமே ஆகும்.